மேனுகாவின் வளவில் ஒரு சதுர பீட்சா

வந்தாறுமூலை
02.02.2025

அன்பு மச்சாள் மேனுகாவுக்கு,

முதலில் என் மானம் போன கதை. போன கிழமை டவுனில் உள்ள கொழும்புக் கொம்பனியின் பீட்சாக் கடைக்குள் ஹெல்மெட்டோடு நுழைந்தேன். உளவு பார்க்கத்தான். ஹெல்மெட்டோடு பீட்சா தின்ன முடியாது என்பது ஓடர் கொடுத்த பிறகுதான் உறைத்தது. கழற்றினேன். பக்கத்து மேசையில் நம் கடைக்கு வரும் கம்பஸ் பொடியன்கள்!

"அங்கிள், உங்கட கடையில சாமான் முடிஞ்சிட்டா?" என்றான் ஒருவன். அவர்களுக்கும் ஓடர் கொடுத்து வாயை அடைத்தேன். அடைபடவில்லை. நான் வீடு வருமுன் செய்தி உங்கள் அக்காவிடம் வந்திருந்தது.

அவர்களுடைய பீட்சா வட்டமாக இருக்கிறது, மச்சாள். யுத்தம் முடிந்த கையோடு நீங்கள் இத்தாலியிலிருந்து போனில் செய்முறை சொன்னீர்கள். தட்டின் வடிவத்தைச் சொல்லவில்லை. பாண் சுடும் போறணை அடுப்பில் பாண் தட்டுத்தானே இருக்கும்? சதுரமாக வந்தது. சீஸ் கிடைக்காமல் டின்மீனும் கறிவேப்பிலையும் போட்டு உங்கள் அக்கா சுலோஜனா சுட்ட முதல் பீட்சாவைத் தின்றவன் நான். இன்னும் உயிரோடிருக்கிறேன். பிறகு கம்பஸில் எத்தனை பேர் அந்தச் சதுரத்தைத் தின்றே பட்டம் எடுத்தார்கள்!

நிற்க. நேற்று அதே கொம்பனியின் ஆட்கள் அளவு நாடாவோடு வந்து நம் கடை நிற்கும் வளவை அளந்தார்கள். நீங்கள்தான் அனுப்பினீர்களாம். உண்மையா? போனில் கேட்டால் இருவரும் கத்துவோம், அதனால் எழுதுகிறேன்.

அளந்தவர்களுக்கும் பீட்சா கொடுத்தனுப்பிய மடையன்,
உங்கள் அத்தான் அழகரத்தினம்

*

பலெர்மோ
20.02.2025

அன்புள்ள அத்தான்,

அக்காவின் முழங்கால் வலி எப்படி? நீங்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் பந்தி பந்தியாக எழுதுகிறீர்கள்.

ஓம், நான்தான் அனுப்பினேன். வீடு அக்காவுக்கு, றோட்டோர வளவு எனக்கு என்று அம்மா சீதனம் சொல்லி வைத்தது ஊருக்கே தெரியும். இத்தனை வருடம் அதில் கடை நடத்தினீர்கள். நான் ஏதும் கேட்டேனா? இப்போது என் மகள் விதுர்ஷாவுக்குக் கலியாணம் பேசுகிறோம். நம் குடியில் பெண்பிள்ளையை வீடில்லாமல் கொடுத்ததுண்டா? இங்கே அவளுக்கு ஒரு சின்ன வீடு எடுக்க வேண்டுமானால் அந்த வளவை விற்றே ஆகவேண்டும்.

அம்மா போன பிறகும் காணி உறுதி இன்னும் அம்மாவின் பேரில்தான். ஆகவே அக்காவும் கையெழுத்து வைக்க வேண்டும். அவள் கையெழுத்து வைக்க வேண்டிய பத்திரத்தைத் தனியாகத் தபாலில் போட்டிருக்கிறேன். சித்திரைக்கு முன் கடையை ஒதுக்கித் தாருங்கள். என்னைக் கெட்டவளாக்கி ஊரில் கதை கட்ட வேண்டாம். அதில் நீங்கள் கெட்டிக்காரர்.

கோபம் பாதி, பாசம் பாதியாக,
மேனுகா

*

வந்தாறுமூலை
16.03.2025

மச்சாளுக்கு,

ஒதுக்க மாட்டோம்.

விதுர்ஷாவுக்கு வீடு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அவள் இங்கே வரட்டும், இந்த வளவிலேயே கட்டுவோம், கல்லை நான் சுமக்கிறேன். பெண்பிள்ளைக்கென்று வைத்த வளவு பெண்பிள்ளைக்குப் போகட்டும். கொம்பனி எந்தக் குடியில் பிறந்த பெண்பிள்ளை?

பொடியன்கள் கடை வாசலில் "சதுரம் எங்கள் உரிமை" என்று பெனர் கட்டிவிட்டார்கள். அன்று போறணை கட்டித் தந்த ஏறாவூர் உசனார் காக்கா, நோன்போடு வந்து போறணைக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"தம்பி, கடையை இடிக்க டோசர் வந்தா முதல்ல என்ட காலில ஏறட்டும்" என்கிறார்.

"உங்கட கால் என்னத்துக்கு காக்கா, என்ட தொந்தியில ஏறினா டோசரே கவிழ்ந்திரும்" என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கால்மேல் கால் போட்டிருக்கிறேன்.

உங்கள் அக்கா வாய் திறப்பதில்லை. மாவை அடிக்கிற அடியில் பலகை அதிருகிறது. அவள் கையெழுத்து வைக்க மாட்டாள். என் சொல்லை அவள் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எழும்பாமல் இருக்கும்,
அழகரத்தினம்

*

பலெர்மோ
04.04.2025

அன்புள்ள அத்தான்,

உங்கள் வீரக் கடிதத்தை விதுர்ஷாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பெரியப்பா பாவம்மா" என்றாள். அதனால்தான் சொல்கிறேன், நான் சொன்னதாக அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

அவள் கையெழுத்து வைத்த பத்திரம், உங்கள் கடிதத்துக்கு முந்தியே இங்கே வந்துவிட்டது. போனில் அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"உன்ட வளவு, உன்ட பிள்ளைக்கு. நீ வில்லு. கொம்பனிக்காரன் முன்னுக்குக் கடை போடட்டும். பின்னால என்ட வீட்டு வளவில நான் போறணை கட்டுறன். பிள்ளைகள் ஆரிட்ட வாறாங்க எண்டு பாப்பம்! அந்த மனிசனிட்ட இப்ப சொல்லிராத. பெனர் கட்டின நாள் தொட்டு யாவாரம் நல்லா ஓடுது."

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் இருக்க வேண்டாம். புதுப் போறணைக்கு உசனார் காக்கா போன மாதமே கல்லுக்கு ஓடர் சொல்லிவிட்டாராம்.

மேனுகா