மூன்றாவது வரிசைக் கல்லறை

செப்டம்பர் 9
சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அந்த எரிச்சலோடு ஆபீசுக்குள் நுழைந்தால் ஸ்ரீதர் சார் அதற்கு மேல். சாதாரணக் குடும்பங்களின் வம்சக் கதையை டிவியில் காட்டப்போகிறோம் என்று விளம்பரம் கொடுத்ததே அவர்தான். இப்போது, "கேன்டீன்ல இட்லி ஊத்துற அம்மாவோட தாத்தாவ யாரு பாப்பாங்க, ஸ்ரீமதி? ஒரு ஜமீன் கிடைக்காதா?" என்கிறார். சாதாரணக் குடும்பத்தில் ஜமீனுக்கு எங்கே போவேன்! முதல் எபிசோட் ஜெயமேரி அக்காதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 12
ஜெயமேரி அக்காவுக்குக் குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. ஷிப்ட் முடிந்து, முகம் கழுவி, நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். தாத்தா சவரிமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், 1958இல் இறந்தவர். மரச் சிலுவை ஒரு புயலில் போய்விட, அக்காவின் அப்பா மூன்றாவது வரிசையில் இடம் பார்த்து சிமெண்டுச் சிலுவை நட்டாராம். பெயர் எழுதவில்லை. "பேரு எதுக்கு, எங்களுக்குத் தெரியாதா?"

வருஷா வருஷம் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி. நிறைமாத வயிற்றோடு வந்த வருஷம்கூட உண்டாம். அப்பா சாகும்போது கேட்டது ஒன்றே ஒன்று: "தாத்தா குழிய வுட்டுடாத." இந்த மனுஷி விடவில்லை. எனக்கு என் தாத்தாவின் பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது. வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 16
சர்ச் பங்கு அலுவலகத்தில் பழைய அடக்கப் பதிவேடு பார்த்தேன். உபதேசியார் பொறுமையாகப் புரட்டிக் கொடுத்தார். சவரிமுத்து இருக்கிறார். ஆனால் ஐந்தாவது வரிசையில்! மூன்றாவது வரிசையில், அக்கா காட்டிய இடத்தில், வேறு ஆள்: "சந்தியாகு. முன்பெயர் ஆண்டி, தகப்பன் சுப்புராயன். சிதம்பரத்தில் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டவர். சாகுமுன் ஞானஸ்நானம் பெற்றார். உறவினர் யாரும் வரவில்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வருஷமாக வேறு யாருக்கோ மெழுகுவத்தி! ஐந்தாவது வரிசை என்று இப்போது ஒன்றுமே இல்லை. அதன் மேல் குழாயடிக்குப் போகும் பாதை.

செப்டம்பர் 17
அக்கா போன் செய்தார். எடுக்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு ஆளா?

செப்டம்பர் 18
"யாருக்குத் தெரியப் போவுது? அந்தச் சிலுவையவே காட்டி முடி" என்கிறார் ஸ்ரீதர் சார். ஒரு நிமிஷம் எனக்கும் சரியென்றுதான் பட்டது — ஊர் சிரிக்க அக்காவை எதற்கு நிறுத்த வேண்டும்? ஆனால் பொய்யென்று தெரிந்த பிறகு அதே இடத்தில் அவரை மண்டி போடச் சொல்ல என்னால் ஆகாது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன்.  "குழாயடிக்குப் போற வழியா? தண்ணி எடுக்க நடந்து நடந்து... எந்தாத்தா நெஞ்சு மேலயே நடந்திருக்கேனே..." என்று அழுதார். நானும்தான்.

வேண்டாமென்றால் இந்த எபிசோடே வேண்டாம் அக்கா என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆண்டிக்கு யாரும் வரலன்னுதான எழுதியிருக்கு? டிவில சொன்னா அவுங்க ஆளுங்க யாராவது பாப்பாங்கல்ல? என்னையப் பாத்து சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. போடும்மா நீ."

என்ன மனுஷி!

செப்டம்பர் 24
கேமரா முன்னால் அக்கா எதையும் பூசி மெழுகவில்லை. "எங்கப்பா தப்பா காட்டிட்டாரு, நானும் கேக்கல" என்றார். ஆண்டியின் பெயர், தகப்பன் பெயர், தொழில் — மூன்றையும் நிதானமாக இரண்டு தடவை சொன்னார். 

அக்டோபர் 13
ஒளிபரப்பானது. தெருவில் சிலர் கேலி பேசினார்களாம். "பேசட்டும்" என்கிறார் அக்கா. போன் ஒன்றும் வரவில்லை.

அக்டோபர் 16
வந்தது! சிதம்பரம் கீழ வீதியில் பூக்கடை வைத்திருக்கும் மலர்க்கொடி அம்மா. நான் தினமும் தாண்டிப் போகிற கடையாக இருக்கும். "முட்டுக்கட்ட ஆண்டி எங்க தாத்தாங்க. அண்ணன் தம்பி சண்டையில கோச்சிக்கிட்டுப் போனவரு. உசுரோட இருக்காரா இல்லையான்னே தெரியாம எங்க ஆயா சாவுற வரைக்கும் தாலிய கழட்டல." கல்லறைத் திருநாளன்று வாருங்கள் என்று வழி சொன்னேன்.

நவம்பர் 2
கேமரா வரக்கூடாது என்று ஸ்ரீதர் சாரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

மலர்க்கொடி அம்மா விபூதிப் பொட்டலமும் பூக்கூடையுமாக வந்து, சிலுவையைப் பார்த்ததும் தயங்கி நின்றார். "பூசுங்க, ஒங்க தாத்தா" என்று ஜெயமேரி அக்கா விலகி வழிவிட்டார். அறுபது வருஷ உரிமையை இப்படி ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தாங்கவில்லை.

பூசி முடித்து, "ஒங்க தாத்தா எங்க?" என்று கேட்டார் மலர்க்கொடி அம்மா. அக்கா கைகாட்டினார். அந்தம்மா பூக்கூடையை அப்படியே பாதை நடுவில் கவிழ்த்தார். குனிந்து மெழுகுவத்தி ஏற்றினார். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார். "குடுங்க, நான் ஏத்துறேன்" என்று அக்கா கை நீட்டியதற்கு, "இத்தன வருஷம் நீங்க ஏத்துனீங்கல்ல? இது நான் ஏத்தணும்" என்றார்.

குழாயடிக்குப் போனவர்கள் வாளியோடு சுற்றிக்கொண்டு போனார்கள்.