மைனஸ் தொண்ணூற்றைந்து

மார்ச் 4
குட்டிக்கு ஐந்து மாதம். நான் வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். சீப்பு நிறைய முடி. பிள்ளை பெற்றால் கொட்டும், பிறகு வளரும் என்றார் டாக்டர். எங்கள் ஆய்வுக்கூடத்து மெக்கானிக் அண்ணனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. "இன்னும் ரெண்டே மாசம், நீயும் என் கட்சிதாம்மா" என்கிறார்.

மார்ச் 6
கேமராவை மூடியாயிற்று. தொலைநோக்கியில் பொருத்த எங்களுக்குக் கிடைத்த நாள் இருபதாம் தேதி. தவறினால் டிசம்பர்தான். சென்சார் மைனஸ் தொண்ணூற்றைந்தில் நிற்க வேண்டும். சூடானால் வெறும் இருட்டைப் படம் எடுத்தாலும் புள்ளி புள்ளியாய் வெளிச்சம். எது நட்சத்திரம், எது பொய் என்றே தெரியாது. அந்தக் குளிர் நிற்க, உள்ளே காற்றே இருக்கக் கூடாது.

கடைசி மூடி என் கையால். பாதியில் வீட்டிலிருந்து அத்தை போன். "குட்டிக்கு லேசா உடம்பு சுடுது, பதறாதே." பதறாமல்? வெளியே ஓடிப் பேசிவிட்டு வந்து முடித்தேன். கடைசியில் அது பல் முளைக்கிற சூடு.

மார்ச் 9
மைனஸ் அறுபத்தொன்று. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 10
கேமராவின் முன்கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது. குளிரூட்டும் மோட்டார் போய்விட்டது என்கிறார்கள் எல்லோரும். நானும் ஆமாம் போட்டேன். ஏன் போட்டேன்?

தொப்பி. கேமராவுக்குள் முடி விழாமல் இருக்கப் போடுவது. போன் பேசும்போது கழற்றினேன். திரும்பி வந்து மாட்டினேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே வரவில்லை. ஒரு முடி போதுமே, காற்று கசிய.

சொன்னால், "இதுக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுன்னேன்" என்பார் எங்கள் குழுத் தலைவர் மேடம். சொல்லாவிட்டால் புது மோட்டாருக்கு ஆர்டர் போகும். வர ஒரு மாதம். இருபதாம் தேதி அவ்வளவுதான்.

மார்ச் 11
இவரிடம் சொன்னேன். "உனக்கே நிச்சயமாத் தெரியல. நீயா போய் ஏன் மாட்டிக்கிற?" என்றார். குட்டி என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். மேடம் ஆர்டரில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.
"மேடம், முதல்ல திறந்து பாத்துடலாமா? அன்னிக்கு நான் தொப்பி போடாம மூடிட்டேனோன்னு தோணுது."
என்னையே பார்த்தார். "சரி, கேமராவைச் சூடேத்துங்க, திறந்துடலாம்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 13
திறந்தோம். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தின் குறுக்கே. கறுப்பின் மேல் கறுப்பு. அண்ணன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் மின்னியது. ஒரு முழ நீள முடி.

எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள்.

"சத்தியமா என்னுது இல்ல" என்றார் அண்ணன். மேடமே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போகும்போது மேடம் சொன்னது: "ரெண்டு நாள் வீணாப் போச்சு. இனிமே தோணின அன்னிக்கே சொல்லு."

மார்ச் 15
புது வளையம். யார் மூடுவது என்று கேட்டதற்கு, "அவளே மூடட்டும்" என்றார் மேடம். போனை வெளியே வைத்துவிட்டு, தொப்பியை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 19
மைனஸ் தொண்ணூற்றைந்து. இரண்டு நாளாக அசையவில்லை. இருட்டுப் படத்தில் இருட்டு மட்டும். நாளை தொலைநோக்கிக்குப் போகிறது.

கதவில் புது அறிவிப்பு: யாராக இருந்தாலும் தொப்பி இல்லாமல் உள்ளே வரக் கூடாது. "யாரா இருந்தாலுமா?" என்று தலையைத் தடவிக்கொண்டார் அண்ணன். போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை, வழுக்கியது. என் ஹேர்பின்னை நீட்டினேன்.

"எதுலம்மா குத்த?"