கடவுச்சொல்லைத் தர மறுத்தவளுக்கு

போன வாரம் செங்காங்கில் புதுக் கணினிகளின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்தபோது, அந்தப் பிளாஸ்டிக் வாசனையில் உன் நினைவு வந்தது. சிங்கப்பூரின் தேக்காவுக்குப் பக்கத்தில், கடை மாடியில் நாம் இருவரும் நடத்திய இலவசக் கணினி அறைக்குப் புதுக் கணினி ஒருநாளும் வாய்த்ததில்லை. அலுவலகங்கள் கழித்துப்போட்டவற்றைச் சுமந்து வந்து லினக்ஸ் இயங்குதளம் ஏற்றினாய். எல்லாமே மூலையிலிருந்த ஒரே சர்வரை நம்பி ஓடின.

ஞாயிறுதோறும் தங்கும் விடுதிகளிலிருந்து வெளிநாட்டு ஊழியர்கள் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. ஆனால் பென்டிரைவைச் செருகினாலும் பிரிண்டரைத் தொட்டாலும் திரை நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். நாம் நாற்காலிக்கு நாற்காலி ஓடித் தட்டிவிட்டு வருவோம். அறைக்குப் பொறுப்பான சங்கத்தின் செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"பாஸ்வர்டை போர்டுல எழுதிப் போட்டுடுங்க லா. எல்லாரும் நம்ம ஆளுங்கதானே."

"நம்ம ஆளுங்கதான் சார். ஒருத்தர் தவறிப்போய் எதையாவது தட்டினா அத்தனை பேரோட ஃபைலும் போயிடக் கூடாது. ஒரு வாரம் டைம் குடுங்க," என்றாய்.

அந்த ஞாயிறு முழுக்க, யாருடைய வேலை எங்கே தடைபட்டு நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். பிறகு விதிகளை மாற்றினாய். பென்டிரைவ், பிரிண்டர், தமிழ் விசைப்பலகை எதற்கும் யாரையும் கேட்க வேண்டாம். மென்பொருள் நிறுவுவதும் கணினியின் உள்கோப்புகளை மாற்றுவதும் மட்டும் நிர்வாகிக்கு.

"வந்த வேலைக்கு முழு உரிமை குடுத்துடுவோம்டி. அதுக்கு மேல வேணாம்," என்றாய் என்னிடம்.

சில மாதங்கள் கழித்து, வேலையிடப் பாதுகாப்புத் தேர்வுக்கு இணையத்தில் பதிவு செய்யக் கடைசி நாள். அறையில் இடமில்லை. கணினி மெதுவாக ஓடுகிறதென்று வெல்டர் முருகேசன் ஏதோ வீடியோவில் பார்த்த கட்டளையைத் தட்டிவிட்டார். அது எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரையில் வரிவரியாக ஓடியது. அவர் முகம் வெளிறியது.

"அக்கா, எல்லாரோடதும் போச்சா?"

"உங்க ஃபோல்டர் மட்டும்தான் போயிருக்கு. மத்ததைத் தொட சிஸ்டம் உங்களை விடல. உங்களோடதுக்கும் நேத்து எடுத்த காப்பி இருக்கு," என்றாய்.

அவருடைய கோப்புகள் திரும்பி வந்தன. பக்கத்தில் இருந்தவருக்கு நடந்ததே தெரியவில்லை. மாலைக்குள் முருகேசன் உட்பட அத்தனை பேரும் பதிவை முடித்திருந்தார்கள். செயலாளர் கீழே போய் எல்லாருக்கும் நுரை பொங்கும் தே தாரிக் தேநீர் வாங்கி வந்து, முதல் கப்பை உன் கையில் கொடுத்தார். எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நீ சிரித்துக்கொண்டே நடந்தாய்.

போன ஆண்டு நோய் உன்னைக் கொண்டுபோனது. நம் அறையை அதனால் நிறுத்த முடியவில்லை. நேற்று செங்காங்கில் இரண்டாவது அறையைத் திறந்தோம். புதிய தொண்டூழியர் ஒருவர், "எல்லாருக்கும் அட்மின் குடுத்துடலாமா, ஈசியா இருக்கும்," என்று கேட்டார். முருகேசன் அன்று தட்டிய கட்டளையின் கதையை அவரிடம் சொன்னேன். அந்தத் தொண்டூழியரே உட்கார்ந்து உன் விதிகளை ஒவ்வொரு கணினியிலும் ஏற்றினார்.

மதியம் அறை நிறைந்தது. கடவுச்சொல் கேட்டு ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. இப்போதெல்லாம் யாரிடம் எந்தப் பொறுப்பை ஒப்படைப்பதானாலும், அவர் என்ன செய்ய வந்திருக்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன். தடை போடுவதைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசிக்கிறேன்.