அண்ணன் உதட்டில் ஒரு திருகாணி

ஜூன் 4
உட்கார்ந்த இடத்திலேயே வெண்கலமாகப் போகிற முதல் சித்தப்பா உலக வரலாற்றில் நான்தான்.

பூங்காவில் அண்ணனுக்கு மார்பளவுச் சிலை வைக்கிறார்கள். போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிப் போய்த் திரும்பாதவர். ஆல்பங்களை வெள்ளம் கொண்டுபோனது. மிஞ்சியது ஒரே படம். விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார், மூக்கிலிருந்து தாடை வரை ஆக்சிஜன் முகமூடி. தெரிவது கண்கள் மட்டும்.

அண்ணன் மகள் கத்திரிக்காய் வாங்குகிறவள் மாதிரி என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்பாவுக்கும் உங்களுக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடைன்னு அம்மா சொல்றாங்க. சிலைக்கு நீங்கதான் உக்காரணும் சித்தப்பா.”

இந்த மூக்கின் அருமை இப்போதாவது இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்ததே!

ஜூன் 7
சிற்பி ஒரு பெண். முழங்கை வரை களிமண். “சுருக்கத்தையெல்லாம் நான் கழிச்சுக்கறேன் ஐயா. நீங்க வாயை மட்டும் மூடுங்க. உதடு பண்ணணும்.”

மூடுவதா? பிறந்தபோது அழத் திறந்த வாய், இன்னும் இடைவேளை விட்டதில்லை. அண்ணன் கைக்குட்டை அகல மொட்டை மாடியில் விமானத்தை இறக்கியதைச் சொன்னேன். ஹாரன் அடித்து மேகங்களை ஓரமாகப் போகச் சொன்னதைச் சொன்னேன். களிமண்கூடச் சிரித்திருக்கும். அவள் சிரிக்கவில்லை.

“இதெல்லாம் உங்க வாய். அவர் வாய் எப்படி இருக்கும்?”

பதில் இல்லை. என்னிடமா? பதில் இல்லையா?

ஜூன் 8
கண்ணாடி முன் நின்று விதவிதமாக வாயை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அவருடையது இல்லை.

ஜூன் 11
அண்ணியிடம் கேட்டேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“எனக்கே மறந்துபோச்சு தம்பி. அந்தப் படத்தையே பாத்துப் பாத்து, முகமூடிதான் மனசுல நிக்குது.” நூலைக் கடித்தார். “வேற யாரோட வாயையாவது வச்சுட்டா அதுவே ஒட்டிக்கும். சரியா வரலைன்னா நான் திறப்பு விழாவுக்கு வரமாட்டேன். அந்தப் பூங்கா பக்கமே போகமாட்டேன்.”



ஜூன் 13
சமையலறைக் குழாய் சொட்டியது. கழற்றிய திருகாணியை வைக்க இடமில்லாமல் உதட்டில் கவ்வினேன் — அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணன்!

வீட்டில் எது பழுதானாலும் அவர்தான். திருகாணிகளை உதட்டில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார். கடைசி விடுமுறையில் அவர் ஒரு குழாயைச் சரிசெய்தபோது நான் பக்கத்தில் நின்று நச்சரித்தேன்: “அண்ணா, மேலேருந்து பாத்தா கீழே இருக்கற ஆளுங்க தெரிவாங்களா?”

குழாய் வேலை அப்போதே முடிந்திருந்தது. ஆனாலும் கீழே கிடந்த ஒரு திருகாணியை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வராத அந்தப் பதிலின் இடத்தில்தான் மேகத்தையும் ஹாரனையும் வைத்தேனோ?

ஜூன் 14
திருகாணியோடு போய் உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. செய்தித்தாளில் முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி. சிற்பியின் கை வேகமாக ஓடியது.

அண்ணன் மகள் அண்ணியை அழைத்து வந்தாள். வாங்க என்று சொல்லத் திருகாணியை எடுக்கப் போனேன்.

“எடுக்காதீங்க தம்பி! அப்படியே இருங்க.”

கிட்டே வந்தார். களிமண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, களிமண் உதட்டின் இடது ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார்.

“இங்க இன்னும் கொஞ்சம் இறுகும். எதையாவது கேட்டா.”

அப்படியென்றால் அண்ணியும் அவரிடம் அதைக் கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 20
திறப்பு விழா. அண்ணி முன்வரிசையில். ஆணையிடப் போகிற வாய், என்ன கம்பீரம் என்று வந்தவர்கள் வியந்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் பேச எழுந்ததும் அண்ணன் மகள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். ராவெல்லாம் தயாரித்த காவியம் சட்டைப்பையிலேயே இருந்தது. “எங்க அண்ணன் குழாய் நல்லா ரிப்பேர் பண்ணுவார்” என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. அண்ணி மட்டும் ஆமாம் என்று தலையசைத்தார்.

செப்டம்பர் 2
அண்ணி வீட்டுச் சுவரில் முகமூடிப் படம் இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 9
மாலையில் பூங்கா வழியாக வந்தேன். சிலைக்கு எதிர் பெஞ்சில் அண்ணி, பக்கத்தில் காய்கறிப் பை. பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். வெகுநேரம் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?” என்றார் அண்ணி. “வாயில ஸ்க்ரூவா?”