மாடித் தக்காளியில் விழுந்த தேமல்

என்னங்க,

நேரில் சொன்னால் கத்திவிடுவேன். அதனால் எழுதி, காபி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு ஆய்வகத்துக்குக் கிளம்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. நம் மாடி வலைக்கூண்டில் தக்காளி இலைகளில் தேமல் விழுந்ததும், நான் ஆராயும் இலைச்சுருட்டு வைரஸ்தான் வந்துவிட்டது, கலப்பு செய்து கொண்டுவந்த எதிர்ப்பு மரபணு தோற்றுவிட்டது, பத்து வருட உழைப்பு போயிற்று என்று ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தேன் அல்லவா? நேற்று என் மாணவி ஸ்ம்ருதி பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தாள். "மேடம், இது நம்ம வைரஸே இல்ல. நம்ம ஜீன் ஜம்முனு இருக்கு." மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நிம்மதி.

வந்திருப்பது புகையிலைத் தேமல் வைரஸ். அதைப் பூச்சி கொண்டுவருவதில்லை. சிகரெட் பிடித்த கையோடு செடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நான் டெல்லி போயிருந்தபோது அந்தக் கூண்டுக்குள் போய்த் தண்ணீர் ஊற்றியது நீங்கள் மட்டும்தான்.

உங்கள் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம், "விட்டாச்சு சார், இப்பல்லாம் வாசனைகூடப் பிடிக்கல" என்று நீங்கள் சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

செடியைத் தொடுமுன் பாலில் கை கழுவினால் இந்த வைரஸ் பரவாது. ஃபிரிட்ஜில் ஒரு பாக்கெட் தனியாக வைத்திருக்கிறேன், காபிக்கு எடுக்காதீர்கள்.

டாக்டர் சொன்னாரென்று மாடம்பாக்கம் ஏரிக்கரைக்கு ஒருநாள் விடாமல் சாயங்காலம் நடக்கப் போகிறீர்களே, இன்றிலிருந்து நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கத்தாத உங்கள் மனைவி