கண்ணாடிப் பஞ்சில் கறுப்புக் கோடு

நவம்பர் 12
என் மகள் டில்டாவுக்கு இன்றோடு நான்கு மாதம். கேரேஜுக்கு மேலிருந்த பரணை அவளுக்கும் எனக்கும் அறையாக்கிவிட்டார்கள். தரைக்கடியில் போன வருடமே மாமனார் ஆர்வோ குளிரைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு வைத்துவிட்டார். கூரைச் சரிவுக்கு இந்த அக்டோபரில் வைத்தபோது என் கணவன் வேடும் சேர்ந்துகொண்டான். விடிகாலை வேலைக்குப் போகிறவன் என்பதால் அவன் படுக்கை கீழே ஹாலில். இந்த வீட்டில் கூலிக்கு ஆள் கூப்பிடுவது மானக்கேடு. "ஜனவரியிலகூட வெறுங்காலோட நடக்கலாம்மா," என்றார் ஆர்வோ. நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

நவம்பர் 20
தரை ஐஸ். வெறுங்காலோடு நடக்கலாமாம்!

நவம்பர் 27
பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. வேட் ஆறு மணிக்கு இரும்புச் சுரங்கத்துக்குக் கிளம்ப வேண்டும். ஐந்தே முக்காலுக்கே ஆர்வோ கேரேஜில் இறங்கி அவன் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்குகிறார். வெளிக்கதவை முழங்கால் உயரத்துக்கு மட்டும் தூக்கிவிடுவாராம். மகன் சில்லிட்ட சீட்டில் உட்காரக்கூடாது. சரி, பாசம்தான். மேலே பேத்தி படுத்திருக்கிறாளே?

இன்று நச்சுக்காற்று அலாரம் கத்தியது. ஜன்னலைத் திறந்ததும் நின்றுவிட்டது. புகை வாடை வருகிறது என்றேன். வேட் சிரித்தான். "அதான் பஞ்சு அடைச்சிருக்கே, எப்படி வரும்? உனக்கு எதைக் கண்டாலும் பயம்."

நான் வேதியியல் படித்தவள். அந்த நச்சுக்காற்றுக்கு, கார்பன் மோனாக்சைடுக்கு, வாடை கிடையாது. ஆனால் புகை வரும் வழியில் அதுவும் வரும். தலை வலிக்கிறது — தூக்கம் இல்லாததாலா? என்னையே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

டிசம்பர் 3
அலாரத்தைக் கையில் எடுத்தேன். காலித் தீப்பெட்டி மாதிரி எடையே இல்லை. உள்ளே பேட்டரி இல்லை.

"நான்தாம்மா கழட்டினேன்," என்றார் ஆர்வோ. "சும்மா சும்மா கத்துது. புள்ள தூங்கணும்ல?"

புள்ள தூங்கணுமாம். ஐயோ, அப்படியே தூங்கிப் போயிருந்தா? யாருக்குய்யா பதில் சொல்வீங்க? கத்தினேன். வேட் என் கையைப் பிடித்து இழுத்தான். "அப்பா முன்னாடி கத்தாத, சிக்ரிட். மனசு கஷ்டப்படுவாரு." அவர் மனசு! டில்டாவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நானே காரை எடுத்தேன்.

டிசம்பர் 4
ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தது. இருவருக்கும் கொஞ்சம்தான். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நான் இப்படி நிதானமாப் பேசிட்டு இருக்க மாட்டேன்," என்றார் டாக்டர்.

டிசம்பர் 6
நானும் டில்டாவும் இப்போது ஹாலில் படுக்கிறோம். ஆண்கள் இருவரும் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். கடப்பாரையை எடுத்து மேலறையின் தரைப்பலகை நான்கைப் பெயர்த்தேன்.

ரோஸ் நிறப் பஞ்சில் கறுப்புக் கோடு கோடாக அழுக்கு. பஞ்சு சூட்டைத்தான் பிடித்து வைக்கும், காற்றைப் பிடிக்காது. துணியில் டீ வடிகட்டுகிற மாதிரி கரியை மட்டும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை மேலே அனுப்பியிருக்கிறது. பஞ்சைத் தூக்கினால் கேரேஜின் கூரைப்பலகை. பலகைக்குப் பலகை இடைவெளி. விளக்கு ஒயர் ஏறும் ஓட்டையில் என் முஷ்டி நுழைந்தது. இதையெல்லாம் அடைக்காமல் மேலே பஞ்சை மெத்தையாக விரித்திருக்கிறார்கள்!

வந்ததும் ஆர்வோ, "நல்லா இருந்த வேலையக் கிளறிப் போட்டுட்டியேம்மா," என்றார். பஞ்சைச் சமையல் மேஜையில், அவருடைய மீனுக்குப் பக்கத்திலேயே போட்டேன்.

"ஒரு குளிர்காலத்துல இது இவ்வளவு கறுத்திருக்கு. அவ நெஞ்சு எவ்வளவு கறுத்திருக்கும்? மோந்து பாருங்க!"

மோந்தார். கீழே வைக்கவில்லை. "வண்டிப் புகை," என்றார்.

டிசம்பர் 7
இந்த ஊரில் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள், காபி ஊற்றுவார்கள். இன்று எனக்கு ஐந்து கோப்பை. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

டிசம்பர் 14
வண்டி வெளியே பனியில் நிற்கிறது. இஞ்சின் உறையாதிருக்க, அதன் ஹீட்டருக்குச் சுவரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார் ஆர்வோ. பஞ்சு முழுவதையும் அள்ளி எறிந்தார். ஆறு நாள் சாரத்தில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு இடுக்கிலும் இறுகிக்கொள்ளும் நுரை அடித்து, ஜிப்சம் அட்டை பதித்து, மூட்டுகளுக்கு நாடா ஒட்டினார். எழுபத்தொரு வயது. பாவமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

"இன்ஸ்பெக்டரம்மா, வந்து பாருங்க," என்றார்.

போய்ப் பார்த்தேன். டில்டாவின் பவுடரைத் தட்டித் தட்டி மூட்டு மூட்டாகச் சோதித்தேன். இரண்டு இடத்தில் காற்று தூளை மேலே இழுத்தது. விரலால் காட்டினேன். சுரண்டி மறுபடி அடைத்தார். பிறகுதான் புதுப் பஞ்சு.

டிசம்பர் 21
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. மேலறைத் தரையில் கை வைத்தால் வெதுவெதுப்பு. புது அலாரம் இரண்டு. பேட்டரிகளை ஆர்வோ என் உள்ளங்கையில் வைத்தார். "நீயே போடும்மா. இனிமே நான் தொடல."

வேட் போனில் தன் தம்பிக்குப் பாடம் நடத்துகிறான்: "மொதல்ல ஓட்டையை அடைக்கணும்டா, அப்புறம்தான் பஞ்சு. இதுகூடத் தெரியாதா?"

நாங்கள் மறுபடி மேலறைக்கு வந்துவிட்டோம்; டில்டா என் பக்கத்தில் தூங்குகிறாள். சற்றுமுன் வேட் ஏணிப்படியில் நின்று, நானும் மேலே வந்து படுக்கட்டுமா என்று கேட்டான்.

"வேணாம், ஹாலிலேயே படு," என்றேன். "அலாரம் அடிச்சா அங்கயும் கேக்கும்."