எழுதியது ஒருவர், கையெழுத்து இன்னொருவர்

இன்று காலை கடைக்கு வந்த ஒரு மருந்துச் சீட்டில் மருந்தின் பெயர் நீல மையிலும் கையெழுத்து கறுப்பு மையிலும் இருந்தன. என் கை தானாகவே தொலைபேசிக்குப் போனது. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது, டாக்டர்.

அந்தக் காலத்தில், நாம் இருவரும் வந்து குடியேறிய பிளாக்ஹவுஸ் பேயில் உங்களை டாக்டர் என்று அழைத்தவன் நான் ஒருவன்தான். அதுவும் பாதி கிண்டலாக. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்த நீங்கள், இங்கே டாக்டராகப் பதிவு கிடைக்கும்வரை என் மருந்துக்கடைக்கு அடுத்த கிளினிக்கில் உதவியாளர். நோயாளியை விசாரிக்கலாம், அங்குள்ள டாக்டர் சொல்லும் மருந்தை எழுதலாம். அவர் நோயாளியைப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் சீட்டு செல்லும். அவர் நிஜமாகவே பார்க்கிறாரா, இல்லை வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு கோல்ஃப் ஆடப் போகிறாரா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

உங்களையும் நம்பவில்லை. பழக்கதோஷத்தில் நீங்களே முடிவெடுத்து எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் எழுத்தில் எந்தச் சீட்டு வந்தாலும் கிளினிக்குக்குப் போன் போட்டு, டாக்டரையே அழைத்து, இது நீங்கள் சொன்னதா என்று கேட்பேன். அவருக்கு எரிச்சல். உங்களுக்கு அதைவிட. ஒரு நாள் கடைக்கே வந்து, "என்னைக் கள்ளி எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்டீர்கள். ஆமா என்ற சொல் வாய்வரை வந்தது. சிரித்துச் சமாளித்தேன்.

பிறகுதான் அந்தப் பெரியவர் விஷயம். உங்கள் எழுத்தில் இரத்த அழுத்த மாத்திரை, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. போன் செய்தேன். நான்தான் கூட்டச் சொன்னேன், பேசாமல் கொடு என்றார் டாக்டர். கொடுத்தேன். சில நாட்களில் பெரியவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் மகள் புகார் கொடுத்ததும் டாக்டரின் பேச்சு மாறியது. தனக்கு ஒன்றும் தெரியாதாம். உதவியாளர் தன்னிஷ்டத்துக்கு எழுதி, மற்ற தாள்களோடு சேர்த்து நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டாராம்.

அந்தப் பேச்சு எடுபட்டிருந்தால் உங்கள் வேலை போவதோடு முடிந்திருக்காது. இந்த நாட்டில் நீங்கள் டாக்டராகும் வழியே அடைபட்டிருக்கும். விசாரணைக்குப் போய், தொலைபேசியில் கேட்டதை அப்படியே சொன்னேன். அந்தக் கிளினிக்கின் சீட்டுகளை நம்பித்தான் என் கடை ஓடியது.

வெளியே நின்றிருந்தீர்கள். நன்றி சொல்லவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"உங்களுக்கு என்னில நம்பிக்கையே இல்லை. பிறகேன் எனக்காகக் கதைச்சனீங்கள்?"

"உங்களுக்காக இல்லைங்க. நம்பியிருந்தா போனே பண்ணியிருக்க மாட்டேன். காதுல விழுந்ததைச் சொன்னேன்."

"அப்ப இனியும் நம்பாதேங்கோ" என்றீர்கள்.

நம்பவில்லை. பதிவு கிடைத்து பாபகூராவில் வேலையில் அமர்ந்தீர்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் நம் ஆட்கள் சிலர் சீட்டை என்னிடம் கொண்டுவந்தார்கள். எழுத்தும் கையெழுத்தும் உங்களுடையவைதான் என்று தெரிந்தும் போன் செய்தேன். "ஓம், நான்தான்" என்று அலுத்துக்கொண்டுவிட்டு, என் மகள் இன்னும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாளா என்று விசாரிப்பீர்கள். எனக்கு அந்த அழைப்புகள் தேவைப்பட்டன.

டாக்டரின் மேற்பார்வையில் நர்ஸ்களும் மருந்து எழுதலாமா என்று இப்போது பேசுகிறார்கள். தாராளமாக எழுதட்டும். மேற்பார்க்கிறவரை யார் பார்ப்பது என்று மட்டும் கூட்டங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள்.

கடைசியாக உங்கள் தம்பி ஒரு சீட்டு கொண்டுவந்தார். நோயாளியின் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயர். நோய் முற்றியவர்களின் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின். அளவு பெரிதாகப் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சீட்டில் பிழை இருந்துவிடக் கூடாதே என்று காலமெல்லாம் பயந்தவன், அன்று பிழை இருக்க வேண்டுமே என்று தவித்தேன். அளவு சரிதான் என்றார்கள். மறுபடி கேட்டேன். அதே பதில்.

அதை நான் இன்னும் நம்பவில்லை, டாக்டர்.